ஆடியில் எழுதாத பாலிசி

ஆடிக்குப் பிறந்த வீட்டுக்குக் கிளம்பிய அன்று, தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் வைத்து என் மனைவி ஒரு விஷயம் சொன்னாள். அவளைக் கூட்டிப்போக வந்த அண்ணன் பழம் வாங்கப் போயிருந்த நேரம் பார்த்துச் சொன்னாள்.

"ஆவணி பிறந்ததும் வந்துருவேன்னு நினைச்சிராதீங்க. பகல் பூரா சுவரைப் பாத்துக்கிட்டு இருக்க என்னால முடியாது. நான் எங்க வீட்டிலேயே இருந்துக்கிடுகேன். நீங்க ஞாயித்துக்கெழமை வந்துட்டுப் போங்க. எங்க தெருவுல பாதி ஆம்பளைக அப்படித்தானே இருக்காவ?"

கல்யாணம் ஆகி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. கோபத்தில் சொல்லியிருந்தால் சமாதானப்படுத்தியிருக்கலாம். அவள் பல நாள் யோசித்து வைத்துச் சொன்னாள், அதுதான் என்னைப் பயமுறுத்தியது. "அதுக்குள்ள லைசன்ஸ் எடுத்துருவேன். ஆவணி ஒண்ணாந்தேதி வண்டியிலதான் வந்து உன்னைக் கூட்டிட்டு வருவேன்" என்றேன். "பாப்பம்" என்றாள். அண்ணன் வந்துவிட்டார். நாகர்கோவில் பஸ் புறப்பட்டுப் போனது.

எழுபதுகளின் பின்பாதி அது. நான் ஒரு தனியார் இன்ஜினியர் ஆபீசில் வரைபடம் போடும் வேலையில் இருந்தேன். திருவனந்தபுரத்துக்கு வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. ஏழு வருஷமும் ஸ்ரீவராகத்தில் ஒரே வீட்டின் பின்கட்டில், ஒரு அறையும் ஒரு சமையல் மூலையும். காலை எட்டு மணிக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவேன். வந்தாலும் பேசுகிற ஆள் இல்லை நான். "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று என் அம்மா கேட்டே அலுத்துப் போனாள். என் மனைவியோ பதினோரு பேர் இருக்கிற வீட்டிலிருந்து வந்தவள். அங்கே ஒருத்தர் பேச்சை இன்னொருத்தர் முடிக்க விடமாட்டார்கள். மலையாளம் அவளுக்கு அரைகுறையாகக்கூட வராது. எதிர்வீட்டில் ஒரு மாமி இருந்தார், தமிழ்தான். ஆனால் "இந்தத் தெருவுல யாரும் நம்மகூடப் பேசமாட்டாங்க" என்று வந்த அன்றைக்கே அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். நான் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அவள் வாடிப்போவது எனக்குத் தெரியாமல் இல்லை. அதற்கு நான் கண்டுபிடித்த மருந்துதான் மோட்டார் சைக்கிள். ஆபீசில் கூட வேலை பார்த்த ஒருவருக்குக் கல்ஃப் விசா கிடைத்தது. அவருடைய வண்டியை ஆனி மாதம் வாங்கினேன். சாயங்காலம் சங்குமுகம் கடற்கரை, ஞாயிற்றுக்கிழமை கல்லாறு, பொன்முடி என்று மனதுக்குள் பெரிய வரைபடமே போட்டுவிட்டேன். ஆர்.சி. புத்தகம் என் பெயருக்கு மாறியது. லேர்னர்ஸ் லைசன்ஸும் வந்தது. விற்றவர் இரண்டு சாயங்காலம் கற்றுக்கொடுத்தார், மூன்றாம் நாள் பம்பாய்க்கு ரயில் ஏறிவிட்டார்.

மிச்சமிருந்தது இன்சூரன்ஸ். அது இன்னும் விற்றவர் பெயரில் இருந்தது, ஆடி பத்தாம் தேதியோடு முடிவதாக இருந்தது. பழவங்காடியில் ஒரு மாடியில் உட்கார்ந்திருந்த ஏஜென்டைப் பார்க்கப் போனேன். ஒல்லியான மனிதர், நெற்றியில் சந்தனம். காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார்:

"சாரே, இது கர்க்கிடகம் அல்லே? புதிய ஆளு, புதிய பாலிசி, அதும் ஆபத்தைப் பத்தின காரியம். இந்த மாசம் எழுத வேண்டா. சிங்ஙம் ஒண்ணாந்தேதி காலையில வாங்க. முதல் பாலிசி சாருக்குத்தான்."

அவர்களுக்குக் கர்க்கிடகம், நமக்கு ஆடி. அவர்களுக்குச் சிங்ஙம், நமக்கு ஆவணி. உண்மையைச் சொன்னால், அவர் சொல்லாவிட்டால் நானே அதைச் சொல்லியிருப்பேன். அதற்காகத்தான் போயிருந்தேன். விபத்து, உயிர்ச்சேதம் என்றெல்லாம் அச்சடித்த படிவத்தில், பெண்டாட்டி ஊரில் இல்லாத ஆடி மாதத்தில், எவனாவது கையெழுத்துப் போடுவானா? "அதுவரைக்கும் வண்டியை ரோட்டுல எடுக்காம இருந்தாப் போதும்" என்றார் அவர். ஒருவர் புத்தியை ஒருவர் மெச்சிக்கொண்டு பிரிந்தோம்.

டெஸ்ட் தேதி ஆடி இருபத்தேழு என்று கார்டு வந்தது. அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. தேதி குறித்தது சர்க்கார். நல்ல மாதமோ கெட்ட மாதமோ, அந்தப் பாவம் சர்க்காருக்கு. இன்சூரன்ஸ் இல்லாமல் டெஸ்டுக்குப் போக முடியுமா என்ற கேள்வி என் மண்டையில் உதிக்கவே இல்லை. ஆடியில் அம்மியே பறக்கும் என்பார்கள், என் மூளை எம்மாத்திரம்?

பாலிசி முடிந்த மறுநாளிலிருந்து சட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். ரோட்டில் ஓட்டினால்தானே குற்றம்? வள்ளக்கடவுப் பக்கம் ஒரு காலி மைதானம் இருந்தது. அதிகாலையில் வண்டியை அதுவரை உருட்டிக்கொண்டு போவேன். மைதானத்துக்குள் போன பிறகுதான் உதைப்பேன். டெஸ்டில் கால் ஊன்றாமல் எட்டுப் போட வேண்டும். ஆபீசில் காம்பஸ் வைத்து ஒரு நிமிஷத்தில் எட்டு வரைகிறவன் நான், மைதானத்தில் அது ஒருநாளும் ஒழுங்காக வரவில்லை. மேல் வட்டம் சரியாக வந்தால் கீழ் வட்டம் கோணும். இரண்டு செங்கல்லை வைத்துச் சுற்றிச் சுற்றி வருவேன். மழை பெய்துகொண்டே இருக்கும். விழுந்தால் தூக்கிவிட ஆள் கிடையாது, சிரிக்கவும் ஆள் கிடையாது. யாராவது சிரித்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றிய காலைகள் உண்டு.

ஆபீஸ் முடிந்தால் அறை, ஞாயிற்றுக்கிழமையானால் நாள் முழுக்க அறை. கல்யாணத்துக்கு முந்தைய ஏழு வருஷமும் இப்படித்தான் இருந்தேன், அப்போது ஒன்றும் தெரியவில்லை. இப்போது அவளுடைய கண்ணாடி வளையல் இரண்டு ஜன்னல் மாடத்தில் இருந்தது. சமையல் மூலையில் அவள் உப்பு ஜாடியை நகர்த்தி வைத்த இடத்திலேயே அது இருந்தது. ஒரு ஞாயிறு முழுவதும் நான் வாய் திறந்து சொன்ன வார்த்தை ஒன்றே ஒன்று, ஓட்டலில் சொன்ன "பார்சல்". படுத்த பிறகுதான் அது உறைத்தது. எழுந்து உட்கார்ந்து, என் குரல் எப்படி இருக்கிறது என்று கேட்பதற்காக ஏதோ சொல்லிப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

டெஸ்ட் அன்றைக்கும் வண்டியை உருட்டிக்கொண்டுதான் போனேன். அவ்வளவு தூரம், அந்த மழையில். கிரவுண்டில் இருபது பேர் வரிசையாக நின்றார்கள். இன்ஸ்பெக்டர் குடை பிடித்துக்கொண்டு ஒவ்வொருவர் காகிதத்தையும் பார்த்துக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும் நின்றுவிட்டார்.

"இன்ஷுரன்ஸ் தீர்ந்து போயல்லோ."

"கர்க்கிடகம் சார்" என்றேன். எனக்குத் தெரிந்த மலையாளத்தில் மீதியையும் விளக்கினேன். ஏஜென்ட் சொன்னதை, உருட்டிக்கொண்டு வந்ததை, எல்லாவற்றையும். நான் இவ்வளவு பேசி எத்தனையோ நாளாகியிருந்தது, நிறுத்தத் தெரியவில்லை.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு வரிசையைப் பார்த்துச் சொன்னார், "கர்க்கிடகத்தில டெஸ்டுக்கு வரலாம். பாலிசி எடுக்க மாத்திரம் கூடாது!"

இருபது பேரும் சிரித்தார்கள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதைதான். இன்சூரன்ஸ் இல்லாத வண்டியில் டெஸ்ட் கிடையாது. அடுத்த தேதி புரட்டாசியில். வண்டியை மறுபடியும் உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு அவளிடமிருந்து ஒரு கார்டு வந்து கிடந்தது. "டெஸ்ட் என்ன ஆச்சு?" அவ்வளவுதான் எழுதியிருந்தாள். நான் பதில் போடவில்லை. என்னவென்று எழுதுவேன்? ஆடிக்குப் பயந்ததில் ஆவணியைத் தொலைத்துவிட்டேன் என்றா?

ஆவணி ஒன்றாம் தேதி காலையில் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு மாடி ஏறினேன். ஏஜென்ட் சொன்னபடியே முதல் பாலிசியை எனக்கு எழுதினார். டெஸ்ட் கதையைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு படிவத்தில் ஓரிடத்தைப் பேனாவால் தொட்டுக் காட்டினார்.

"லேர்னர்ஸ் கையில இருக்கு, அதனால சாரு ஒற்றைக்கு ஓட்டலாம். எல் போர்டு வேணும். பின்னால ஆளை ஏத்திப் போனால், இந்தப் பாலிசி வெறும் கடலாஸ். பெண்டாட்டியானாலும் சரி."

ஒற்றைக்கு ஓட்டலாம். எனக்கென்றே எழுதிய சட்டம்.

பஸ்ஸில் போயிருக்கலாம். ஆனால் வண்டியில் வருவேன் என்று சொன்னதில் பாதியையாவது காப்பாற்ற வேண்டும் என்று ஒரு வீம்பு. எல் போர்டைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். நெய்யாற்றின்கரை, பாறசாலை என்று லாரிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டுப் போனேன். களியக்காவிளை செக்போஸ்டில் யாரும் என்னை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. நாகர்கோவில் தாண்டி அவர்கள் ஊருக்குள் நுழைந்தபோது மத்தியானம். பதினோரு பேரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவளும் வந்தாள். அவள் கண் வண்டியைப் பார்த்தது, பிறகு எல் போர்டைப் பார்த்தது.

எல்லார் முன்னாலும் சொன்னேன். டெஸ்ட் நடக்கவில்லை, உன்னை ஏற்றிக்கொண்டு போக முடியாது, தப்பு என்னுடையது. சொல்லி முடித்துவிட்டு, 'அப்ப நீங்க போயிட்டு ஞாயித்துக்கெழமை வாங்க' என்பாள் என்று நின்றேன். அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். அவள் உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்துப் பெட்டியோடு வந்தாள்.

"நான் பஸ்ஸுல வாறேன். நீங்க பின்னால வாங்க. ஒரு தடவை வந்து பாக்கேன். பொறவு சொல்லுகேன்."

அண்ணன் அவளைப் பஸ் ஏற்றிவிட்டார். அவள் பெண்கள் சீட்டை விட்டுவிட்டுக் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள். பின் கண்ணாடி வழியாக அவள் முகம் தெரிந்தது. நான் பஸ் புகையைக் குடித்துக்கொண்டே பின்னால் போனேன். பஸ் நின்றால் நானும் நிற்பேன், அவள் திரும்பிப் பார்ப்பாள். ஒருமுறை சிரித்தாள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த ரோட்டிலும் போனதில்லை.

மார்த்தாண்டம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஒரு பள்ளத்துத் தண்ணீரில் இறங்கிய வண்டி இருமி நின்றுவிட்டது. கண்ணாடியில் அவள் எழுந்து நின்றதைப் பார்த்தேன். பஸ் வளைவில் திரும்பி மறைந்தது. பிளக்கைக் கழற்றித் துடைத்து, ஊதி, மறுபடி துடைத்து, வண்டி உயிர் பெறுவதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அறைச் சாவி என் பாக்கெட்டில் இருந்தது. தம்பானூரில் அவள் இறங்கி நிற்பாள், யாரிடம் என்ன கேட்பாள்? அவள் திரும்பிப் போகிற பஸ்ஸில் ஏறியிருப்பாள் என்றே முடிவு செய்துவிட்டேன். அதற்கு அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது.

தம்பானூரில் அவள் இல்லை. நாகர்கோவில் பஸ் நிற்கிற இடத்தில் இரண்டு முறை தேடினேன். பிறகு போக வேறு இடம் தெரியாமல் ஸ்ரீவராகம் வந்தேன். வண்டியை நிறுத்தும்போது எதிர்வீட்டுக்குள்ளிருந்து அவள் சிரிப்பு கேட்டது.

வாசலில் போய் நின்றேன். கூடத்தில் மாமியும் அவளும் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். மாமி என்னைப் பார்த்துவிட்டு, என்னிடம் பேசாமல் அவளிடம் சொன்னார், "உங்காத்துக்காரர் வந்தாச்சு. பாவம், தொப்பலா நனைஞ்சுட்டாரே. போய்த் தலையைத் துவட்டு."

அறையைத் திறந்தேன். அவள் பின்னால் வந்து துண்டை எடுத்தாள். நான் கட்டிலில் உட்கார்ந்தேன். அவள் என் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள். துண்டு கண்ணை மறைத்ததில் அவள் முகம் எனக்குத் தெரியவில்லை.

"உன்னை ஒத்தைக்கு விட்டுட்டேன்" என்றேன். "நாளைக்கே கொண்டுபோய் விடணும்னாலும் விட்டுர்றேன். பஸ்ஸுலயே போவோம்."

அவள் கை நிற்கவில்லை.

"கேட்டுக் கேட்டுத் தெருவுக்கு வந்து, உங்க பேரைச் சொல்லி, அவங்க வீட்டுக்காரின்னு சொன்னேன். நீங்க வந்துட்டீங்களான்னு கடையில கேட்டேன். முன்கட்டுல குடியிருக்கவங்ககிட்ட கேட்டேன். ஒருத்தருக்கும் அந்தப் பேருல யாரையும் தெரியல. மாமிக்கே தெரியல. பின்கட்டைக் கையைக் காட்டின பொறவுதான், 'ஓ, அவரா, அவர் பேர் அதுவா'ங்காவ. நம்ம ரெண்டு பேரையும் பத்தி நாந்தான் எல்லாம் சொன்னேன்."

 வெளியே மழை விட்டிருந்தது.

"நான் எங்கயும் போகல" என்றாள். பிறகு கொஞ்சம் பொறுத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "நாலு மாசத்துக்கே எனக்கு மூச்சு முட்டிச்சு. நீங்க ஏழு வருசம் இங்க எப்படி இருந்தீங்க?"

ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. பதில் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அவள் துண்டை எடுக்கவில்லை.