சாகாமத்து ராசாவின் கடைவாய்ப் பல்

சாய்ந்தமருதில் பெக்கோ இயந்திரம் ஓட்டும் இன்பாஸ் நான். மண்ணைத் தோண்டுவதில் இருபது வருட அனுபவம் உண்டு. வாயை மூடுவதில் அறவே கிடையாது.

போன வருடம் சாகாமம் குளத்துக்குப் பக்கத்தில் வாய்க்கால் வெட்டும்போது ஒரு பழைய தாழி உடைந்து வந்தது. உள்ளே மனித எலும்புகள். உடனே வேலையை நிறுத்தி அறிவித்தேன். அதுவரை சரி. பிறகு, பார்க்க வந்த கூட்டத்துக்கு நடுவில் நின்று, ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்து, எச்சில் தொட்டு இடுப்புச் சாரனில் மினுக்கிக் காட்டினேன்.

"ராசாட பல்லு. ஆள் எட்டடி இரிப்பான்."

எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒன்பதடி என்றிருப்பேன்.

மூன்றாம் நாள் பல்கலைக்கழகத்திலிருந்து சுஜித்தா மிஸ் வந்தார், எங்கள் முஸ்லிம் ஊருக்கு அடுத்த தமிழ் ஊரான காரைதீவுக்காரர். என்னை எங்கள் முறைப்படி 'நானா', அதாவது அண்ணன், என்றே கூப்பிட்டார். முகமூடி, கையுறை, தலைக்கும் உறை. பழைய எலும்புக்குள் மரபணு மிச்சம் இருந்தால் செத்தவர் ஆணா பெண்ணா, எந்த வழி வந்தவர் என்றெல்லாம் கண்டுபிடிக்கலாமாம். ஆனால் நம் மூச்சுப் பட்டாலே நம்முடையதும் அதில் ஒட்டிவிடுமாம்.

"நானா, வெறுங்கையால ஆராவது தொட்டவங்களா?"

"சே! நான் ஒருத்தனையும் கிட்ட விடல்ல மிஸ்."

ஆனாலும் அங்கே நின்ற எல்லோருடைய கன்னத்துக்குள்ளும் பஞ்சை உருட்டி எச்சில் எடுத்தார். நானும் பெருமையாக வாயைத் திறந்தேன்.

எட்டு மாதம் கழித்து மிஸ் அழைத்தார். மனைவி நப்லாவும் கேட்கட்டும் என்று போனைச் சத்தமாகப் போட்டேன்.

"நானா, பல்லுட முடிவு வந்திட்டு. ஆள் ஆம்பிள."

"நான் சொன்னன்தானே, ராசா!"

"ஓம், பெக்கோ ஓட்டுற ராசா. உங்கட எச்சிலோட அப்பிடியே பொருந்துது."

நப்லா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். மிஸ் கோபப்படவில்லை, அதுதான் அதிகம் சுட்டது.

"அண்டைக்கே சொல்லியிருந்தா அந்தப் பல்லை விட்டிருப்பம் நானா. இப்ப சோதனைக்கெண்டு துளைச்சுத் தூளாக்கியாச்சு."



நல்லவேளை, காதுக்கு உட்புறத்துக் கெட்டி எலும்பு மண்கட்டிக்குள் இருந்ததால் என் கைக்குத் தப்பியிருந்தது. அதன் முடிவு நோன்பு மாதத்தில் வந்தது. ராசா ஒரு பெண். தொடை எலும்பை அளந்ததில் ஐந்தடிகூட இல்லை.

"அவ எங்கட ஆளா, உங்கட ஆளா மிஸ்?"

"அவ இருந்த காலத்தில அப்பிடி ஒரு பிரிவே இல்ல நானா. எங்கட வெக்கைக்கு மரபணு கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கு; தாய்வழி மட்டும்தான் தெரியுது. அந்த வழி காரைதீவிலயும் இருக்கலாம், சாய்ந்தமருதிலயும் இருக்கலாம்."

எங்கள் கிழக்குக் கரையில் தமிழருக்கும் முஸ்லிமுக்கும் குடி என்கிற வம்சமும் உம்மா வழியாகத்தான் வரும். அதனால் எனக்கு உடனே விளங்கிவிட்டது. என் வாழ்நாளில் உடனே விளங்கிய விஞ்ஞானம் அது ஒன்றுதான்.

இப்போது அங்கே தோண்டவரும் புது ஆட்களுக்குக் கையுறை எதற்கு என்று விளங்கப்படுத்த மிஸ் என்னைத்தான் கூப்பிடுகிறார். அனுபவசாலி என்று அறிமுகப்படுத்துகிறார். நானும் தலையாட்டிக்கொள்கிறேன்.