எப்போதும்வென்றான் பக்கம் ஒரு கம்புப் போட்டி

வியாழக்கிழமை காலை ஒன்பதே காலுக்குக் கோவில்பட்டியில் பஸ் ஏறினேன். அரைக் கிலோ கடலைமிட்டாய் நூற்றிருபது ரூபாய்க்கு வாங்கிப் பையில் வைத்திருந்தேன். என் சித்தி மகள் செல்வி வாக்கப்பட்ட ஊர் எட்டயபுரம் தாண்டி, எப்போதும்வென்றான் பக்கம். முப்பது கிலோமீட்டர் கூடக்குறைய வரும். நான் சென்னைக்காரி, இந்தப் பக்கம் வருவது முதல் தடவை. மாசி மாதக் கரிசல், கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது. கம்பங்காடு எங்கே என்று கண்டக்டரிடம் கேட்டேன்.

"கம்பா? இப்பம் எல்லாம் மக்காச்சோளம்தாம்மா. கோழித் தீவனத்துக்குப் போகுது," என்றார்.

செல்வி மட்டும் காட்டோரமாக நாலு உழவுச்சால் கம்பு போட்டிருந்தாள், எட்டு வயது மகள் பூமாரிக்காக.

"பிள்ளைக்கு ரத்தம் கம்மின்னு டாக்டர் சொல்லிட்டாவ எக்கா. எதைக் குடுத்தாலும் வேண்டாம்பா. கம்பஞ்சோறு மட்டும் கேட்டு வாங்கித் திங்குதா," என்றாள். மறுநாள் பள்ளிக்கூடச் சத்துணவு விழாவில் சிறுதானியச் சமையல் போட்டி என்று கேட்டதிலிருந்து செல்விக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

வெள்ளி விடிகாலை ஐந்து மணிக்கே உரல் சத்தம். தண்ணீர் தெளித்து இடித்து, உமி போகப் புடைத்து, உடைத்து, மண்சட்டியில் கிண்டி இறக்கினாள். தொட்டுக்கொள்ளச் சீனியவரங்காய் வற்றலும் சின்ன வெங்காயமும். சிறுதானியப் போட்டி என்றால் நல்ல கம்பஞ்சோறு கொண்டுபோக வேண்டும் என்று அந்த அப்பாவி நினைத்துவிட்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பதினொரு மணி. பள்ளிக்கூட ஹாலில் வரிசையாக மேசைகள். கம்பு கேக், கம்பு பீட்சா, ராகி பிரௌனி. பாதிக்குமேல் தூத்துக்குடி பேக்கரிப் பெட்டியிலேயே இருந்தன. நடுவராக நின்ற பள்ளி டீச்சர் பூமாரியின் டிபன் பாக்ஸைப் பார்த்து மூக்கைச் சுருக்கினார்.

"இதை எடுத்து ஓரமா வச்சிருங்க. இது சத்துணவுப் போட்டி. வீட்டுச் சாப்பாடெல்லாம் இதுல சேராது."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "மைதாவை மேலேயும் கீழேயும் வைத்து நடுவில் நாலு கம்பைத் தூவினால் அது சத்து, இந்தச் சோறு சத்தில்லையா? எந்தக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள்?" என்று கேட்டேன். ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டீச்சர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

பூமாரி என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "சும்மா இருங்க பெரியம்மா. எல்லாரும் பாக்காங்க."

முதல் பரிசு பீட்சாவுக்கு. அதைக் கொண்டுவந்த அம்மாவே அதில் ஒரு துண்டு தின்று நான் பார்க்கவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்குச் செல்வி அதே சோற்றில் மோர் ஊற்றிப் பிசைந்து வைத்தாள். பூமாரி கும்பாவைத் தள்ளினாள்.

"எனக்கு வேண்டாம். இனும செய்யாத."

செல்வி கும்பாவை எடுத்து மூடி வைத்தாள். மகளுக்குப் பிடித்த ஒரே சோற்றையும் ஒரே நாளில் பிடுங்கிவிட்டார்கள். அதற்குச் சத்துணவு விழா என்று பேனர் வேறு.

சனிக்கிழமை ஏழரை மணி பஸ்ஸுக்கு, ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் நின்றோம். செல்வி தம்ளரில் பால் வைத்துக்கொண்டு கெஞ்சினாள். பூமாரி வாயைத் திறக்கவில்லை. பஸ் தூரத்தில் தெரிந்தபோதுதான் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"உங்க வீட்டு அண்ணன் என்ன திம்பாவ பெரியம்மா?"

என் மகனுக்குப் பதிமூன்று வயது. கம்பு எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. நான் காட்டியதும் இல்லை. பொய் சொல்லியிருக்கலாம். அந்தக் கண்களுக்கு முன்னால் வாய் வரவில்லை.

"பீட்சா," என்றேன்.

பூமாரி தலையை ஆட்டினாள். "அப்பம் எங்க டீச்சர் சரியாத்தான் சொல்லியிருக்காவ."