தறிக்குழியில எறுகின கேக்கு

எதைப் பாத்தாலும் கிண்டல் பண்றது எனக்கு வழக்கம். வாத்தியாரக் கிண்டல் பண்ணித்தான் எட்டாங்கிளாஸோட படிப்பே நின்னுது. ஆனா கண்ணாடி மாதிரி பளபளன்னு ஆடுற பழக் கேக்க யாராவது தட்டுல நீட்டினா மட்டும் வாய் தொறக்க மாட்டேன். ஒரு அமாவாசை ஞாபகம் வந்துடும். மூஞ்சிய எங்க வெச்சிக்கிறதுன்னே தெரியாது.

அமாவாசைன்னா காஞ்சிபுரத்துல தறி ஓடாது. தெருவே சத்தம் அடங்கிக் கெடக்கும். தறிக்கு சூடம் காட்டிட்டு, சொந்தக்காரங்க எல்லாம் ஒரு வூட்டுல கூடி பந்தி போட்டுச் சாப்புடுவோம். ஒரு மாசம் பெரியப்பா வூடு, அடுத்த மாசம் எங்க வூடு. பட்டும் ஜரிகையும் பெரியப்பா குடுப்பாரு, எங்கப்பா நெய்ஞ்சு குடுத்துக் கூலி வாங்குவாரு. அதனால எங்க வூட்டுப் பந்தியிலயும் அவருதான் மொதலாளி.

அந்த வருசம் பெரியம்மா வூட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்துது. அதோட பாயசம் போயி பழக் கேக்கு வந்துது. கேக்குன்னா அடுப்புல வேகுறது இல்ல. தட்டுல ரொட்டித் துண்டப் பரப்பி, மேல வாழப்பழம், கமலா சுளை, திராட்சை எல்லாம் அடுக்கி, ஜெலட்டின்னு ஒரு பொடிய சக்கரையோட வெந்நீர்ல கரைச்சி ஊத்தி, குளுந்த எடத்துல வெச்சிட்டா முடிஞ்சிது. எறுகிக்கினு நிக்கும். சொம்மா தட்டினா ஆடும். செய்யிறது கால் மணி நேரம், பெரியம்மா அதப் பத்திப் பேசுறது அரை நாளு. அந்தப் பொடிய மாட்டெலும்புலேர்ந்து எடுக்குறாங்கன்னு பிற்பாடுதான் எனக்குத் தெரிஞ்சிது. அமாவாசை அன்னிக்குக் கருவாட்டுக் கூடை தெருவுல போனாலே கதவ சாத்துற கூட்டம் எங்களுது. பெரியம்மா வூட்டுல மட்டும் எலும்ப வழிச்சி வழிச்சித் துன்னுக்கினு இருந்துது.

எங்க வூட்டு மொற வந்தப்ப, அம்மா தானும் அந்தக் கேக்குதான் செய்வேன்னு நின்னுச்சி. காரணம் மாமா.

மாமான்னா அம்மாவோட தம்பி. தென்னேரியில இருந்தாரு. அம்மா பொறந்த வூட்டுலயும் ஒரு காலத்துல தறி ஓடிச்சாம். தாத்தா அத வித்துட்டு ஏரித் தண்ணிய நம்பிப் பயிர் வெக்கப் போயிட்டாரு. ஒரு கல்யாணத்துல மாமா மொத பந்தியில குந்தினதப் பாத்து பெரியப்பா, "தறிய வித்தவனுக்கெல்லாம் மொத பந்தியில எலையா?"ன்னு கேட்டுட்டாரு. அன்னிக்கு எழுந்து போனவரு எங்க வூட்டுப் படி மிதிக்கல. ஆளு மேல ஆளு உட்டு, இந்த அமாவாசைக்கு வரேன்னு அவர ஒத்துக்க வெச்சிருந்துது அம்மா.

"என் தம்பி பந்தியில நிமிந்து குந்தணும்டா"ன்னு எங்கிட்ட சொல்லுச்சி. "அவன் அக்காவும் செய்வாள்னு இவங்களுக்குத் தெரியணும்."

மிச்சம் இருந்த பொடியக் குடுக்கும்போதே பெரியம்மா, "ஃபிரிட்ஜ் இல்லாம எறுகாதுடி. லோட்டாவுல ஊத்திக் குடிங்க"ன்னு சிரிச்சாங்க.

எங்க வூட்டுல குளுந்த எடம் ஒண்ணே ஒண்ணுதான். தறிக்குழி. நெய்யிறவரு மேல குந்திக்கினு, கால உள்ள தொங்க உட்டு மெதிக்கிற குழி. வெயில் காலத்துலயும் அந்த மண்ணு ஜில்லுன்னு இருக்கும். அமாவாசைன்றதால அப்பா அதுல குந்த மாட்டாரு. காலையில சூடம் காட்டினதும் அவரு கடைத்தெருவுக்குப் போனாரு. அம்மா குழியக் கூட்டி, ஈரக் கோணிய விரிச்சிது. நான் சோடாக் கடையிலேர்ந்து மரத்தூள்ல சுத்தின ஐஸ் கட்டிய வாங்கியாந்து, குழியில எறங்கித் தட்ட வாங்கி வெச்சேன். சாப்புடுற பொருள கால் வெக்கிற எடத்துல வெக்கக் கூடாதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியும்.

"எவன்கிட்டயாவது ஒளறின, நாக்க இழுத்து வெச்சி அறுத்துடுவேன்." அம்மா சிரிச்சிக்கினேதான் சொல்லுச்சி. அது அப்படிச் சிரிச்சி நான் அதிகம் பாத்ததில்ல.

மேல வாழெலைய மூடியிருந்தோம். எறுகிச்சா எறுகிச்சான்னு நான் அத தூக்கித் தூக்கிப் பாத்துக்கினே இருந்தேன். மத்தியானத்துக்குள்ள எறுகிடிச்சி. பெரியம்மா செஞ்சத விட பளபளன்னு.

மாமா வெளுத்த வேட்டியும் ஒரு பை வேர்க்கடலையுமா வந்தாரு. பந்தியில கடைசி எலையாப் பாத்துக் குந்தினாரு. சோறெல்லாம் ஆனதும் அம்மா கேக்க அறுத்து எலை எலைக்கு வெச்சிது. பெரியம்மா ஒரு வாய் போட்டுட்டு, "எறுகியிருக்குதேடி! எப்பிடிடி?"ன்னாங்க. அம்மா தம்பியப் பாத்துது. மாமா நல்லா நிமிந்து குந்தினாரு.

பெரியப்பா தன் துண்ட வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சாரு. கண்ணாடி மாதிரி எறுகுற பொருள்ல இதான் வம்பு, எதையும் மறைக்காது. வாழப்பழத்துக்கும் திராட்சைக்கும் நடுவுல, வெரல் நீளத்துக்கு அரக்கு கலர்ல ஒரு பட்டு எழை.

"இது நான் குடுத்த பட்டாச்சே"ன்னாரு.

தறியில அன்னிக்கு அரக்குச் சேலதான் இருந்துது. எழை அறுந்தா முடி போட்டுட்டு மிச்சத்தக் கிள்ளிப் போடுவாங்க, அது குழியிலதான் போயி விழும். அந்தப் பந்தியில இருந்த யாருக்கும் இத சொல்லித் தர வேணாம்.

"ஏம்மா, குழியிலயா வெச்ச?" பெரியப்பா கேட்டாரு. கேட்டுட்டு எங்கப்பா பக்கம் திரும்பினாரு. "டேய், நீ கால் கழுவுன தண்ணி இருந்தா அதையும் கொண்டாரச் சொல்லு, குடிச்சிட்டுப் போறோம்."

எல்லாரும் சிரிச்சாங்க. பெரியப்பா எலைய மடிச்சாரு. எங்கப்பா அண்ணன் மூஞ்சியப் பாத்தாரு, தானும் மடிச்சாரு. அப்பறம் வரிசையா எல்லா எலையும் மடிஞ்சிது. அம்மா தட்டப் புடிச்சிக்கினு நடுவுல நின்னுச்சி. கேக்கு மட்டும் ஆடிக்கினே இருந்துது.

"அக்கா, எனக்கு இன்னொரு துண்டு வை."

கடைசி எலையிலேர்ந்து மாமா.

அம்மா அசையல. "வைக்கா. சேப்பங்கெழங்கு மண்ணுக்குள்ளதான வெளையுது? அத கொழம்பு வெச்சித் துன்றோமே"ன்னாரு. அம்மா வெச்சிது, துன்னாரு. அப்பறம் இன்னொண்ணு. அப்பறம் தட்டையே இழுத்துத் தன் முன்னால வெச்சிக்கினாரு.

"தறிய வித்தான், பசிய விக்கல போல"ன்னாரு பெரியப்பா. பந்தியே எழுந்து நின்னு வேடிக்க பாத்துது. மாமா தல நிமிரல. வாய் ஓயாம போய்க்கினே இருந்துது. "போதும்டா"ன்னு அம்மா மெல்ல சொல்லுச்சி. "இன்னும் இருக்குதுல்ல"ன்னாரு.

எனக்கு உசுரே போயிடிச்சி. ஊரு கை கழுவுனத ஒருத்தன் இப்பிடி ஒக்காந்து வழிக்கிறானே, இவன் என் மாமான்னு எவன்கிட்ட சொல்றது? நான் நைசா நகுந்து பெரியப்பா பசங்களோட நின்னுக்கினேன். அவனுங்க சிரிச்சப்ப நானும் சிரிச்சேன். மாமா ஒரு தபா நிமிந்து என்னப் பாத்தாரு. நான் சிரிப்ப நிறுத்தல.

தட்டுல ஒரு துணுக்கு ரொட்டி கூட இல்லாம வழிச்சிட்டுத்தான் எழுந்தாரு.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போயிட்டு வாடான்னு அம்மா அனுப்பிச்சி. பாதி வழியில மாமா மூஞ்சி வேர்த்துக் கொட்டிச்சி. ஒரு மதிலு பக்கம் ஓடிப் போயி, கைய ஊனிக்கினு எல்லாத்தையும் வாந்தியெடுத்தாரு. எதுத்தாப்புல சோடாக் கடையில என் கிளாஸ் பசங்க ரெண்டு பேரு. நான் நாலடி தள்ளிப் போயி, சொவத்துல ஒட்டியிருந்த சினிமா நோட்டீஸ எழுத்துக் கூட்டிப் படிச்சிக்கினு நின்னேன், அந்த ஆளு யாரோன்ற மாதிரி. தண்ணி வாங்கிக் குடுக்கல. இப்ப நெனச்சா அந்த மதில்லயே என் தலைய முட்டிக்கலாம்னு இருக்குது.

அவரே கடையில தண்ணி வாங்கி வாய் கொப்புளிச்சிக்கினு வந்தாரு. "எனக்கு இனிப்பே ஆவாதுடா. டீ கூட சக்கர போடாமதான் குடிப்பேன்"ன்னாரு. அப்பறம் எதுக்குய்யா துன்னன்னு கேக்க நாக்கு வரைக்கும் வந்துது. பஸ்ஸுல ஏறி குந்தினதும் ஜன்னல் வழியா என் தலையில கைய வெச்சாரு.

"வாந்தியெடுத்தத அக்காகிட்ட சொல்லிடாத, இன்னா? மாமா இன்னும் ரெண்டு துண்டு கேட்டாருன்னு சொல்லு."

வூட்டுக்கு வந்தா யாரும் இல்ல. எல்லாரும் பெரியப்பா வூட்டுக்கு வெத்தல போடப் போயிட்டாங்க. அம்மா மட்டும் கெணத்தடியில குந்திக்கினு, ஏற்கனவே காலியா இருந்த தட்ட சாம்பல் போட்டுத் தேச்சிக்கினே இருந்துது. கண்ணு செவந்து கெடந்துது. மாமா சொன்னத அப்பிடியே சொன்னேன்.

"நெஜமாவா கேட்டான்?"

"ஆமாம்மா. இன்னும் ரெண்டு துண்டு வேணுமாம்."

அம்மா மொந்தானையில மூஞ்சியத் தொடச்சிக்கினு சிரிச்சிது. ஒருத்தன் அவ்ளோ துன்னு ஊரு முன்னால மானத்த வாங்கிட்டுப் போயிருக்கான், இதுக்கு இன்னாத்துக்கு சிரிப்புன்னு எனக்கு வெளங்கல. நான் வெளையாட ஓடிட்டேன்.