சடையன் பொட்டு வைத்த சிலிண்டர்கள்

ஏற்காட்டில் இருபது ஜீப் நிற்கும் ஷெட்டுக்குப் பதினோரு வருடமாக வாட்ச்மேன் சடையன். தீயணைப்பு அதிகாரி சோதனைக்கு வருவதற்கு முன் முதலாளி ஜெயபிரகாஷ் சுவரில் நான்கு தீயணைப்பு சிலிண்டர்களை மாட்டினார்.

"இனி மண் வாளி எதுக்கு? எடுத்துக் கொட்டிரு" என்றார்.

தீயை அணைக்க வைத்திருந்த மண்ணைச் சடையன் கொட்டினார். ஆயுத பூஜைக்கு ஜீப்புகளோடு சிலிண்டர்களுக்கும் பொட்டு வைத்தார்.

போன வாரம் ஒரு ஜீப் தீப்பிடித்தது. நான்கு சிலிண்டரையும் அழுத்திப் பார்த்தார், காற்றுகூட வரவில்லை. ஈரச் சாக்கால் அடித்தே அணைத்தார். இரண்டு கைகளும் வெந்துபோயின.

ஆஸ்பத்திரிக்கு முதலாளி ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்.

"ஏனுங்க, அந்த சிலிண்டருக்குள்ள ஒண்ணுமே இல்லீங்களே?"

"அது ஆபீசர் பாக்கறதுக்குய்யா. உன்னைய யாரு எடுக்கச் சொன்னா?"

சடையன் பழப் பையைப் பார்த்தார்.

"இதுக்குள்ளயாவது சொளை இருக்குதுங்களா?"