சுமன் சொன்ன வட்டி வீதம்

லோஜினி கணக்கியல் படிக்கத் தொடங்கிய பிறகுதான் சுமனுக்கு மனைவி மேல் பொறாமை வந்தது.

அவன் ஹட்டனில் ஒரு ஹாட்வெயார் கடையில் கணக்கு எழுதினான். கணக்காளர் பரீட்சையில் இரண்டு தடவை தவறியவன். அவன் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்த லோஜினி, "நானும் எழுதிப் பார்க்கட்டுங்களா?" என்றபோது சிரித்துக்கொண்டே சம்மதித்தான். ஆறு மாதத்தில் அந்தச் சிரிப்பு போய்விட்டது. இருவரும் சேர்ந்து போன மாலை வகுப்பில் ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டு அவள் முகத்தைத்தான் பார்த்தார். சுமன் வீட்டுக்கு வந்து, சம்பலில் உப்பில்லை என்று கத்தினான்.

பரீட்சை எழுத இருவரும் ரயிலில் கண்டிக்குப் போனார்கள். கம்பனிகள் கடன் திரட்ட விற்கும் பத்திரங்களான முறிகளை என்ன விலைக்கு வெளியிடும் என்ற கணக்கில் அவளுக்கு ஒரு சந்தேகம்.

"நூறு ரூபா முறி. வருசத்துக்குப் பத்து வீதம் வட்டி, மூணு வருசம். சந்தையில பன்னெண்டு வீதம் கெடைக்குது. இன்னைக்குப் பெறுமதி பார்க்க எந்த வீதத்தைப் போடணுங்க?"

பன்னிரண்டு. அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"பத்து. முறியில எழுதியிருக்கிறதத்தான் போடணும்," என்றான், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

அவள் கல்குலேட்டரைத் தட்டினாள். "நூறே வருதுங்களே. வெளியில பன்னெண்டு கெடைக்கிறப்ப, பத்து தர்ற முறிய யாரு முழுசா நூறு குடுத்து வாங்குவாங்க?" மறுபடி தட்டினாள். "பன்னெண்டு போட்டா தொண்ணூத்தஞ்சு ரூபா இருவது சதம். இதுதான் சரி."

பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "ஒங்களுக்குத் தெரியும்தானே?"

"மறந்துட்டேன்."

"போன வாரம் நம்ம வகுப்பு வினோஜனுக்கு நீங்கதானே இதச் சொல்லிக் குடுத்தீங்க?"

கண்டி வரும்வரை மீதிக் கணக்குகளை அவள் தானே போட்டுக்கொண்டாள்.

அவள் தேறினாள். அவன் மூன்றாம் தடவையும் தவறினான். முடிவு வந்த அன்று அவன் ஒரு வாழ்த்துகூடச் சொல்லவில்லை. லோஜினி வட்டகொடையில் இருக்கும் தாய் வீரம்மாவின் வீட்டுக்குப் போய்விட்டாள்.

இரண்டு வாரம் கழித்து அவன் அங்கே போனான். வீரம்மா தேத்தண்ணி வைத்துவிட்டு வெளியே போனதும், தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "தெரிஞ்சேதான் தப்பாச் சொன்னேன். நீ பெயிலாகணும்னு நெனைச்சேன்."

"பெயிலாகியிருந்தாக்கூட இன்னொரு தடவை எழுதியிருப்பேங்க. ஆனா இனிமே ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கவே பயமா இருக்கு."

இருந்தாலும், மறுநாள் அவள் அவனோடு ஹட்டனுக்குத் திரும்பினாள்.

அடுத்த கட்டப் பரீட்சைக்கு இப்போது படிக்கிறாள். சந்தேகம் வந்தால் வினோஜனுக்குப் போன் எடுக்கிறாள். "அப்படிங்களா! இப்பதான் வெளங்குது," என்று அவள் சிரிக்கும்போது, அடுத்த அறையில் சுமன் திறந்த புத்தகத்தின் அதே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.