ஆமா போட்டவன்

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் மாலை நான்கு மணிக்குப் பன்னிரண்டு அறைகளில் பன்னிரண்டு தொலைக்காட்சிகள் ஓடும். ஒரு சத்தமும் வராது. எல்லார் காதிலும் ஹெட்போன். சாத்திய கதவுக்குப் பின்னால் யாரோ தனியே சிரிப்பது மட்டும் கேட்கும். நோர்வேக்கு வந்து பத்தொன்பது வருடமாகியும் அந்தச் சிரிப்பு எனக்குப் பழகவில்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, எங்கள் ஊரில், ஒரு பெட்டிக்கு முன்னால் ஐம்பது பேர் இருப்போம்.

ஏழாம் அறையில் இருப்பவர் அந்தப் பெட்டியின் சொந்தக்காரர். சாமித்தம்பி. ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தவர். மகன்தான் அவரை இந்தப் பேர்கன் நகரத்துக்கு எடுப்பித்தார். போன வருடம் பாரிசவாதம் வந்து கை விழுந்ததும் இங்கே கொண்டுவந்து சேர்த்தார். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. மகன் தமிழ்ச் சானல்கள் எடுத்துக் கொடுத்திருக்கிறார். ரிமோட்டை அமத்துவது என் வேலை.

மூன்று வாரம் அந்த வேலையை எப்படிச் செய்தேன் என்று மறைக்காமல் எழுதுகிறேன். நாடகத்தில் தாய் மகனைக் கண்டுபிடிக்கப்போகும் கட்டம் வரும். அவர் கழுத்தை நீட்டுவார். அப்போது நிறுத்துவேன். "பெட்டறி இறங்கிட்டு, ஐயா." சுவரில் கரண்ட் இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும். அவர் முகம் சுருங்குவதைப் பார்த்து முடித்த பிறகுதான் தலையணையைச் சரி செய்வேன். இனித்தது. ஒரு நாள் வாசலில் நின்ற தலைமைத் தாதி எங்களைப் பார்த்து நெஞ்சில் கை வைத்து, "கூசெலி!" என்றாள். இதமாக, குடும்பம்போல இருக்கிறதாம். உன் மாமாவா என்று கேட்டாள். "யா" என்றேன்.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் ஊருக்குக் கரண்ட் வரவில்லை. மனேஜர் வீட்டுப் பெட்டி கறுப்பு வெள்ளை. கார் பெட்டறியில் ஓடும். பொழுது சாய அதை விறாந்தைக்குத் தூக்கி வைப்பார். "தெரியுதா?" என்று கமுக மரத்தில் ஏறி ஏரியலைத் திருப்புகிறவர் கத்துவார். "புள்ளி புள்ளியா வருது!" என்று முற்றமே கத்தும். முதலில் சிங்களம் பேசும் ஒரு கார்ட்டூன் பூனை. பிறகு யாரோ ஓர் அதிகாரி, வயல் வட்டையில் விளைவித்துக் களைத்து வந்திருக்கிற எங்கள் ஆட்களுக்கே பூச்சிமருந்து அடிக்கப் படிப்பிப்பார். கோட் போட்ட வெள்ளைக்காரரின் பாட்டு. சிங்கள நாடகம் வந்தால் ஒரு சொல்லும் விளங்காமலே பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். செய்தி. அதன்பிறகுதான் தமிழுக்கு அரை மணித்தியாலம்.

ஒரு நாள் அந்த அரை மணித்தியாலத்தில் என் அண்ணன் ராசன் வரவிருந்தான். கொழும்புக்குக் கூட்டிப்போய்ப் பதிவுசெய்த பள்ளிக்கூட வில்லுப்பாட்டு, பத்து நிமிடம். பாடுகிறவனுக்கு "ஆமா" போடுவதுதான் அவன் பங்கு. அம்மா கோயிலுக்கு உடுத்தும் சீலையில் முன்னால் இருந்தார். அண்ணன் தண்ணீர் தொட்டுத் தலை வாரியிருந்தான். அறிவிப்பாளர் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னார். மனேஜர் எழும்பிப் பெட்டியை நிறுத்தினார்.

"பெட்டறி இறங்கிட்டு. எல்லாரும் வீட்ட போங்க."

"மனேஜர் ஐயா, அஞ்சு நிமிசம்," என்றார் அம்மா. "எங்கட புள்ளயக் காட்டப்போறாங்க."

"ஒங்கட மனிசன் கை உயத்தத் தெரிஞ்சவர்தானே. அவரக்கொண்டு காட்டுங்க."

கோயில் தலைவர் தெரிவில் அப்பா அவருக்கு எதிராகக் கை உயர்த்தி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

"திரும்பப் போடுவாங்கம்மா," என்று அண்ணன்தான் சிரித்தான். போடவில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு சுற்றிவளைப்பில் இராணுவம் கொண்டுபோன அண்ணன் திரும்பி வரவில்லை. அடையாள அட்டைக்கு எடுத்த படத்தின் பிரதி ஒன்றுதான் மிச்சம். அசைகிற ராசனை நாங்கள் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

இங்கே, ஏழாம் அறையில், நாலாம் வாரம் நான் பெட்டியை நிறுத்தியதும் மனேஜர் என்னை உற்றுப் பார்த்தார். "நீ ஆர்ர மகள் கா?"

அப்பாவின் பெயரைச் சொன்னேன். அண்ணன் பெயரையும்.

"ஆமா போட்ட பொடியன்." சொற்கள் கோணிக்கொண்டு வந்தன. "நான் பாத்தனான். ஒங்கள அனுப்பிப்போட்டு, கதவச் சாத்திக்கிட்டு, முழுக்கப் பாத்தனான்."

என் கை அந்தக் கழுத்துவரை எழுந்தது. ஆனால் அண்ணனைப் பார்த்த கண்கள் அவரிடம்தான் இருந்தன. கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். "சொல்லுங்க."

"ஒரு இடத்தில ஆமா போட மறந்திட்டான். பக்கத்தில இருந்தவன் முழங்கையால இடிச்சான். ஒடன ஆமா, ஆமா எண்டு ரெண்டு தரம் சொன்னான்."

அது அண்ணன்தான். ஒரு பிழை விட்டால் இரண்டு மடங்காகச் செய்து சரிக்கட்டப் பார்ப்பவன்.

அதன்பிறகு ஒவ்வொரு மாலையும் அண்ணனைச் சொன்னால்தான் நாடகம். புதுப்புது விவரங்கள் வந்தன. ஒரு நாள் சிவப்புச் சால்வை என்றார். கறுப்பு வெள்ளைப் பெட்டியில் சிவப்பு எங்கிருந்து வந்தது? நாடக ஆசையில் கதை கட்டுகிறார். எது பார்த்தது, எது கட்டியது என்று பிரிக்க எனக்கு வழியில்லை. அந்தப் பத்து நிமிடம் இன்னமும் அவர் கையில்தான் இருக்கிறது.

போன வாரம் அம்மாவுக்கு வட்ஸ்அப் எடுத்து, போனை மனேஜர் முகத்துக்கு நேரே பிடித்தேன். ஊரில் விளக்கு வைத்து நேரமாகியிருந்தது. அம்மா அவரை நெடுநேரம் பார்த்தார்.

"மனேஜர், அப்ப பெட்டறி இறங்கல்ல, என்ன?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "இறங்கல்ல, தங்கச்சி."

"இனிச் சொல்லுங்க."

சொன்னார். முழங்கை, இரண்டு ஆமா. சால்வை வரவில்லை. அம்மா அழவில்லை, ஆமா வந்த இடத்தில் மட்டும் தலையை ஆட்டினார். சொல்லி முடித்ததும் மனேஜரின் கண் தொலைக்காட்சிப் பக்கம் போனது. நாடகம் முடிய இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

"போடாத, மகள்," என்றார் அம்மா.

நான் போடவில்லை. ஒரு கையில் அம்மா, மறு கையில் ரிமோட். போனுக்குள் வாவிக் காற்று இரைந்தது; யன்னலுக்கு வெளியே பேர்கன் மழை. அந்தப் பத்து நிமிடமும் கடந்து போகும்வரை இரண்டு ஊரிலுமாக நின்றுகொண்டிருந்தேன்.