விசாரிக்கப் போன இடம்

எங்கள் தெருவில் காலியாகக் கிடந்த டியூஷன் சென்டர் கட்டடத்துக்கு ஒரு சிகிச்சை மையம் வரப்போகிறது என்று தெரிந்த ஞாயிற்றுக்கிழமை, ஊர் நலக்கூடத்தில் நடந்த கூச்சல் பெகளத்தைப் போல பூதப்பாண்டி வட்டாரத்தில் நான் கண்டதில்லை. காய்ச்சலுக்கு, சர்க்கரைக்கு என்றால் யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். இது போதை ஊசி போட்டுப் பழகியவர்களுக்கான இடம். தினமும் காலையில் வந்தால் ஊசிக்குப் பதிலாக நாக்குக்கு அடியில் மாத்திரை வைப்பார்கள். அளவு மீறிப் போட்டு மூச்சு நிற்கிற நிலைக்குப் போனவனை மீட்க மருந்தும் ஆளும் இருக்கும். இதையெல்லாம் மைக்கில் பொறுமையாகச் சொன்ன டாக்டர் பெண்ணுக்கு என் மகள் வயதுதான். அவளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில் கொடுக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. நான்தான் எழுந்து போய்க் கொடுத்தேன். அதற்கே நாலு பேர் என்னை முறைத்தார்கள்.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வழி, ராத்திரி கதவைத் திறந்து போட முடியாது, வீட்டு விலை இறங்கிவிடும் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். அதிகம் கத்தியவர் ஊர்த் தலைவர், உரக்கடை அண்ணாச்சி. மனைவி போன பிறகு ஒற்றை மகனைத் தனியாக வளர்த்து, ஆரல்வாய்மொழியில் காற்றாலை கம்பெனி ஸ்டோரில் வேலைக்குச் சேர்த்துவிட்டவர். அவர் சொன்னால் தெருவில் மறுபேச்சு இல்லை.

"நம்ம ஊர்ல அந்த மாதிரி ஆளே கெடையாது. இல்லாத நோய்க்கு எதுக்கும்மா ஆஸ்பத்திரி?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. மேலத்தெருவில் ஒரு பையன் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டவன் வெளியே வராமலே போனது அதற்கு முந்தைய மழைக்காலத்தில்தான். நெஞ்சுவலி என்றார்கள். நாங்களும் நெஞ்சுவலி என்றே தலையாட்டிவிட்டு வந்தோம். ஊருக்கே தெரிந்த விஷயத்தை ஊரே சேர்ந்து மறைப்பதில் எங்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

டாக்டர் பெண் கோபப்படவில்லை. "நாகர்கோவில்ல இதே மாதிரி ஒண்ணு நடக்குது. அந்தத் தெருவுல போய்க் கேட்டுப் பாருங்க சார்" என்றாள். அண்ணாச்சி அதைப் பிடித்துக்கொண்டார். "விசாரிச்சிட்டுச் சொல்லுதோம்" என்றார்.

விசாரிப்பு என்பது எங்கள் பக்கத்தில் சாதாரணச் சொல் அல்ல. பெண் கொடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுத் தெருவுக்குச் சொல்லாமல் போய், அக்கம்பக்கத்தில் பேச்சுக்கொடுத்து உண்மையைக் கறப்பது. நேரடியாகக் கேட்கக்கூடாது. மழையில் தொடங்கி, வாடகை வீடு கிடைக்குமா என்று போய், பைய அந்த வீட்டுக்கு வரவேண்டும். கேட்கப்படுகிறவரும் பொய் சொல்லமாட்டார், ஒரு பெண்ணின் வாழ்க்கை ஆயிற்றே. இந்த வேலையில் எனக்குத் தெருவில் நல்ல பெயர். என் விசாரிப்பில் நின்றுபோன கல்யாணங்கள் உண்டு, அதற்காக இன்னும் என்னோடு பேசாத குடும்பங்களும் உண்டு. ஆகவே அண்ணாச்சியும் நானும் போவதென்று முடிவாயிற்று. கார் ஓட்ட என் வீட்டுக்காரர். அவர் எங்கே போனாலும் பேசமாட்டார் என்பதால் விசாரிப்புக்கு மிகவும் தோதானவர்.

பத்து மணி வாக்கில் போய்ச் சேர்ந்தோம். மையம் இருந்தது ஒரு பழைய ஓட்டு வீட்டில். வாசலில் நின்ற நர்ஸ் எங்களை உள்ளே விடவில்லை. "மருந்து குடுக்குற நேரம். அவங்க முகத்தை வெளியாளுங்க பாக்க நான் விட முடியாது. பன்னிரண்டு மணிக்கு மேல வாங்க, எல்லாத்தையும் காட்டுதேன்." அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்கு அந்த நர்ஸைப் பிடித்துப்போனது.

எதிரே ஒரு டீக்கடை. விசாரிப்புக்கு இதைவிட நல்ல இடம் ஏது? பெஞ்சில் உட்கார்ந்தோம். அங்கிருந்துதான் நான் அவர்களைப் பார்த்தேன். தள்ளாடிக்கொண்டு கிழிசல் சட்டையோடு வருவார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். வந்தவர்களில் ஒருவர் பேங்க் பையோடு வந்தார். ஒருவர் மீன் செதில் ஒட்டிய கைலியோடு. ஒரு தகப்பன் பள்ளிக்கூடத்தில் பிள்ளையை விட்டுவிட்டு, அது மறந்துவிட்டுப் போன தண்ணீர்ப் பாட்டிலைக் கையில் பிடித்தபடியே வந்தார். உள்ளே போனார்கள், சற்று நேரம் கழித்து வந்தார்கள், வந்து எங்கள் பக்கத்துப் பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்தார்கள். மாத்திரை முழுக்கக் கரையும்வரை நர்ஸ் விடமாட்டாராம். கரைந்த பிறகும் கொஞ்ச நேரம் டீகூடக் குடிக்கக்கூடாதாம். டீக்கடைக்காரரும் கேட்காமலே காத்திருந்தார். கையெட்டும் தூரத்தில் ஆவி பறக்கும் டீ. உடம்பு முழுக்கப் பழைய ஆசை. அதற்கு நடுவில் அந்த மனிதர்கள் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். சீரியல் நேரத்துக்கு ரிமோட் கிடைக்காவிட்டால் வீட்டையே இரண்டாக்குகிறவள் நான். அந்தப் பொறுமையைப் பார்த்து மலைத்துப்போய்விட்டேன்.

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். மழையில் தொடங்கினார். வாடகை வீட்டுக்கு வந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எதுத்தாப்ல வாற ஆளுவ எப்பிடி? சண்டை சச்சரவு உண்டா?" என்று கேட்டார்.

டீக்கடைக்காரர் என் பட்டுக்கரைச் சேலையைப் பார்த்தார், அண்ணாச்சியின் மடிப்புக் கலையாத வேட்டியைப் பார்த்தார், காரில் வாய்மூடி உட்கார்ந்திருந்தவரையும் பார்த்தார். "எந்த ஊரு நீங்க?"

"பூதப்பாண்டிப் பக்கம்."

அவ்வளவுதான், அவர் கையைத் துடைத்துக்கொண்டு எங்கள் அருகே வந்து உட்கார்ந்துவிட்டார். "மாப்பிள்ளை விசாரிக்க வந்தியளா? அந்தக் காத்தாடிக் கம்பெனிப் பையனைத்தானே? உங்க பக்கத்துல இருந்து அவன் ஒருத்தன்தான் வாறான். இடது புருவத்துல வெட்டுத் தழும்பு."

நான் அண்ணாச்சியைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. அந்தத் தழும்பு விழுந்த அன்று பையனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடியவர் அவர்தான்.

"மத்தவங்ககிட்ட நான் வாய் தொறக்க மாட்டேன். பொண்ணு குடுக்க வந்தவங்ககிட்ட மறைச்சா பாவம்" என்று டீக்கடைக்காரர் தொடர்ந்தார். "ஊசி போட்டவன்தான், இல்லேங்கல. ஒரு தடவ இந்தப் பஸ் ஸ்டாண்டுலயே விழுந்து மூச்சு நிக்கப் போச்சு. இங்க உள்ளவங்கதான் ஓடிப்போய் மருந்து போட்டு எழுப்பினாங்க. அன்னையில இருந்து ஒரு நாள் விடல்ல. புயல் மழை அன்னைக்குக்கூட கதவு தொறக்க முன்னாடி அவன்தான் நிக்கான். ஆனா இங்க வந்துட்டு ஆரல்வாய்மொழி போய்ச் சேர நேரமாயிருது. இன்னொரு தடவ பிந்தினா வேலை இல்லன்னு சொல்லிட்டாங்களாம். மருந்தை நிறுத்திரட்டா அண்ணேன்னு போன வாரம் எங்கிட்டக் கேக்கான். நிறுத்தினா எங்க போவான்னு எனக்குத் தெரியாதா? அழுதுட்டேன்."

காலை ஷிப்ட், அதனால்தான் மகன் விடியுமுன்னே கிளம்புகிறான் என்று தெருவெல்லாம் பெருமையாகச் சொன்னவர் அண்ணாச்சி. அவர் டீயில் ஆடை படிந்துவிட்டது. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "விழுந்த அன்னைக்கு, அவன் கூட யாராவது இருந்தாங்களா?"

"ஒருத்தரும் இல்ல. கண் முழிச்சதும் அப்பாகிட்டச் சொல்லிராதீங்கன்னுதான் மொதல்ல சொன்னான்."

பன்னிரண்டு மணிக்கு நர்ஸ் கூப்பிட்டபோது நான் மட்டும் போய் அறைகளைப் பார்த்துவிட்டு வந்தேன். அண்ணாச்சி காரில் உட்கார்ந்திருந்தார். திரும்பும் வழியில், வயல்களைப் பார்த்துக்கொண்டே, "நீ வாயத் தொறக்காதே" என்றார். மகனிடம் பேசப்போகிறீர்களா என்று கேட்டேன். "என்னன்னு பேச? எனக்குத் தெரியக்கூடாதுன்னுதானே அந்தப் பாடு படுதான்." அடுத்த ஞாயிறு வரை நான் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும், அதுவே ஒரு தவம்.

கூட்டத்துக்குத் தெரு முழுக்க வந்திருந்தது. அண்ணாச்சியின் மகனும் வேலை முடிந்து கம்பெனிச் சட்டையோடு வந்து வாசலை ஒட்டி நின்றான். மையம் தெருவிலேயே வந்தால் அவன் வேலைக்குப் பிந்த வேண்டியிருக்காது. அது வருமா வராதா என்பதில் மற்ற எல்லோரையும்விட அவனுக்கு எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தவர்கள் அந்தக் கூடத்தில் மிகச் சிலர். விசாரித்து வந்தவர் எழுந்து நின்று, நல்ல இடம் என்றால் கொள்ளாம் என்றோ, இல்லையென்றால் வேண்டாம் என்றோ சொல்வதுதான் முறை. அண்ணாச்சி எழுந்தார்.

"கொள்ளாம். நம்ம தெருவுக்கு வரட்டும்."

கூடம் அதிர்ந்தது. "உமக்கு யாரு வே மருந்து வச்சது?" என்று ஒருவர் கத்தினார். சிரிப்பு, விசில். போன வாரம் அவரோடு சேர்ந்து கத்தியவர்கள்தான் எல்லோரும். அண்ணாச்சி சத்தம் அடங்கும்வரை நின்றார். அவர் அப்படிக் காத்து நின்று நான் பார்த்ததில்லை.

"அங்க வாற பையன் ஒருத்தனைப் பத்திக் கேட்டேன். யாருன்னு சொல்ல மாட்டேன். செத்துப் பொழைச்சவன். தொணைக்கு ஒரு ஆளு கெடையாது. ஒத்தையில நின்னு தன்னைத்தானே தூக்கிட்டிருக்கான். எனக்கு இந்த வயசுல பீடியை விட முடியல்ல. எனக்கு மட்டும் ஒரு மக இருந்தா, வேற எவனையும் தேடமாட்டேன். அவனுக்குத்தான் கெட்டிக் குடுப்பேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. நான் மெல்லத் திரும்பி வாசலைப் பார்த்தேன். அவன் இரண்டு கையாலும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண்ணைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

பிறகும் ஒரு மணி நேரம் சண்டை நடந்தது. வாசலைப் பின் ரோட்டுப் பக்கம் வைக்க வேண்டும், ஆறு மாதம் பார்ப்போம், சரிவராவிட்டால் காலி செய்ய வேண்டும் என்று நூறு நிபந்தனை போட்டு, பாதிப் பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சம்மதித்தார்கள். அப்படியாவது சம்மதித்தார்களே என்றிருந்தது எனக்கு.

கூட்டம் கலைந்தபோது அண்ணாச்சி மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. மகன் உள்ளே வந்து அவர் முன்னால் நின்றான். நான் செருப்பைத் தேடுவது போல அங்கேயே குனிந்து நின்றேன்.

"அப்பா, சாப்பிட்டாச்சா?"

"இல்ல மக்கா. நீ வருவேன்னுதான் இருக்கேன்."